பாலக்காட்டுக் கோட்டையும் சுற்றியுள்ள ஆறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை என்றால் மலைமேல் இருக்கும். இது ஏன் ஊர் நடுவே சமதரையில் இருக்கிறது?

இங்கே காக்க வேண்டியிருந்தது மலையை அல்ல, மலை இல்லாத இடத்தை. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடு நின்றுவிடுகிறது. தெற்கே ஆனைமலையில்தான் மறுபடி எழும்புகிறது. நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரைதான். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கணவாய் என்றதும் குறுகலான மலைப்பாதையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கோவையிலிருந்து வாளையாறு வழியாக வரும்போது மலையேறிய உணர்வே வராது, இறங்கிக்கொண்டேதான் வருவீர்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு நகரம் 80 மீட்டரைச் சுற்றித்தான்.

மிளகும் யவனரின் பொன்னும் அந்தக் காலத்திலேயே இந்த வழியாகத்தான் போய்வந்தன. மலபார்க் கரையிலிருந்து கொடுமணல், கரூர் பக்கம் போக இதைவிட எளிய வழி கிடையாது. வண்டியும் குதிரையும் பீரங்கியும் ஏறக்கூடிய வழி என்பதால் படைகளும் இதையே பிடித்தன. 1757-இல் கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் படையெடுப்பைச் சமாளிக்கப் பாலக்காட்டு அரசர் மைசூரின் உதவியைக் கேட்டார். அப்போது திண்டுக்கல்லில் மைசூரின் பவுஜ்தாராக (படை அதிகாரியாக) இருந்த ஹைதர் அலி படை அனுப்பினார். மைசூர்ப் படை மலபாருக்குள் கால்வைத்தது அப்படித்தான். 1766-இல் மலபாரை வென்றபின் ஹைதர் இந்தக் கோட்டையைக் கட்டினார். கோவைக்கும் மலபாருக்கும் நடுவே, தன் படையின் வழி அறுபடாமல் இருக்க அவர் போட்ட பூட்டு இது.

கோட்டை எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது?

எந்த ஆற்றங்கரையிலும் இல்லை, இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது. வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் கல்பாத்திப்புழை, தெற்கே யாக்கரை பக்கம் கண்ணாடிப்புழை. ஆற்றை ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கத்துக்கு இயற்கைக் காவல் கிடைத்திருக்கும், உண்மைதான். ஆனால் இந்த ஆறுகள் மார்கழி தாண்டினால் முழங்கால் அளவுக்கு வற்றிவிடும், ஆடியில் கரை புரளும். ஆண்டில் பாதி நாள் காவலாகவும் மீதி நாள் ஆபத்தாகவும் இருக்கும் ஆற்றை நம்பிச் சுவர் எழுப்ப முடியாது. அதனால் சதுரமான கருங்கல் சுவர், மூலைகளில் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி என்று தண்ணீர்க் காவலையும் செய்தே வைத்துக்கொண்டார்கள். அகழியைச் சுற்றி ஒருமுறை நடந்தால் கோட்டையின் திட்டம் முழுவதும் பிடிபடும். உள்ளே நின்று பார்த்தால் அவ்வளவு தெளிவாகாது.

பாரதப்புழை பாலக்காட்டில்தான் உற்பத்தியாகிறதா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கே அதிகம் வருகிறது. ஆறு தொடங்குவது தமிழ்நாட்டுப் பக்கத்து ஆனைமலையில். 209 கிலோமீட்டர் ஓடிப் பொன்னானியில் கடலில் சேர்கிறது. கேரளத்தில் பெரியாற்றுக்கு அடுத்த நீளமான ஆறு. இதன் வடிநிலம் ஏறத்தாழ 6,186 சதுர கிலோமீட்டர். அதில் கால் பங்குக்கும் மேல், சுமார் 1,786 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் கிடக்கிறது. பொள்ளாச்சி, ஆளியாறு, திருமூர்த்திமலைப் பக்கம் பெய்யும் மழை வங்கக் கடலுக்குப் போவதில்லை, மேற்கே திரும்பி அரபிக் கடலுக்குப் போகிறது. அங்கே ஓடும் பாலாறும் இதன் கிளைதான். காஞ்சிபுரத்துப் பாலாறு வேறு. பக்கத்திலேயே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது. ஆக, ஒரே கணவாயின் வாசலில் இரண்டு கடல்களுக்குத் தண்ணீர் பிரிகிறது.

கிளைகளின் பெயர்கள் குழப்பும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கோரையாறு, வறட்டாறு, வாளையாறு, மலம்புழை நான்கும் சேர்ந்தது கல்பாத்திப்புழை. ஆளியாறும் அதன் துணைகளும் எல்லை தாண்டி வந்தால் சித்தூர்ப்புழை, அதையே கீழே கண்ணாடிப்புழை என்கிறார்கள். சித்தூரில் மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த கரையில் அதற்குச் சோகநாசினி என்றும் பெயர். கல்பாத்திப்புழையும் கண்ணாடிப்புழையும் பறளியில் கூடுகின்றன. அங்கிருந்துதான் பாரதப்புழை. பிறகு மாயன்னூரில் காயத்திரிப்புழையும், பள்ளிப்புறத்தில் தூதப்புழையும் வந்து சேரும். நிளா, பேராறு என்ற பெயர்களும் இதே ஆற்றுக்குத்தான்.

கோவையில் நல்ல வெயில். கிளம்பி வரலாமா?

கோவை வானத்தைப் பார்த்துப் பாலக்காட்டு ஆற்றை மதிப்பிடக் கூடாது. இந்தத் தவறுக்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1790-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை கோவையைப் பிடித்துவிட்டு, ஜூலையில் கர்னல் ஸ்டூவர்ட்டைப் பாலக்காட்டுக் கோட்டைக்கு அனுப்பியது. கோவையில் காய்ந்த நிலம். கணவாய்க்குள் நுழைந்ததும் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறுகள் பெருகி, முற்றுகையே போட முடியாமல் படை திரும்பியது. ஸ்டூவர்ட் ஆகஸ்டில் திண்டுக்கல்லைப் பிடித்துவிட்டு, மழை தணிந்த செப்டம்பரில் மறுபடி வந்துதான் கோட்டையைக் கைப்பற்றினார். அதற்கு முன் 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் இதே கோட்டையைப் பிடித்தது நவம்பரில். 1766-இல் ஹைதரையே இந்த மழை சோதித்தது. மழைக்காலத்துக்கு அவர் கோவைக்கு வந்துவிட, அந்த இடைவெளியில்தான் மலபாரில் கலகம் மூண்டது.

காரணம் எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகம் மேற்கிலிருந்து வருகிறது. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். பாலக்காட்டுச் சமவெளியில் அது ஏறத்தாழ 2,000. கிழக்கே சித்தூர் தாலுகாவின் எல்லை ஊர்களில் இன்னும் குறைவு. கோவைக்குப் போய்ச் சேரும்போது 600, 700 என்று சுருங்கிவிடும். அறுபது கிலோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வருவதானால் வானிலைத் துறை பாலக்காடு மாவட்டத்துக்குத் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். கோவையின் முன்னறிவிப்பு பயன்படாது. அக்டோபர், நவம்பரில் கதை மாறும்: அப்போது வடகிழக்கு மழையில் பொள்ளாச்சிப் பக்கம் கொட்டினால், பாலக்காட்டில் தூறல்கூட இல்லாமல் சித்தூர்ப்புழை பெருகும்.

இங்கே ஏன் இவ்வளவு காற்று?

மலைச்சுவரில் உள்ள ஒரே பெரிய திறப்பு இதுதான். மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று இந்தத் திறப்புக்குள் நெருக்கியடித்துப் புகும்போது வேகம் கூடுகிறது. கஞ்சிக்கோட்டிலும், மறுபக்கம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். நவம்பர் நடுவிலிருந்து காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வறட்சியாக வீசும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். உதடு வெடிக்கும், வயலின் ஈரம் சீக்கிரம் காயும், இரவில் குளிரும். திருச்சூர் வரைக்கும் இந்தக் காற்று போகும்.

மார்ச், ஏப்ரலில் இதே திறப்பு தமிழ்நாட்டின் வெப்பத்தை உள்ளே விடுகிறது. 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தரவேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போடுகிறது. கோட்டைக்கு வருபவர்களுக்கும் அதே கணக்குதான்: கருங்கல் சுவர் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், 10 மணிக்குள் சுற்றி முடித்துவிடுங்கள்.

மலம்புழை அணையின் நீர்மட்டம் 115 மீட்டர் என்று செய்தியில் வருகிறதே, அவ்வளவு உயரமான அணையா?

இல்லை. தமிழ்நாட்டுச் செய்திகளைப் படித்துப் பழகியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது. ஆளியாறு 120 அடி என்றால் அது அணையில் தேங்கும் நீரின் உயரக் கணக்கு. கேரளத்தில் அணை மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து சொல்வார்கள். மலம்புழையின் முழுக் கொள்மட்டம் 115.06 மீட்டர் என்றால், கடல்மட்டத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில் நீர்ப்பரப்பு நிற்கிறது என்று பொருள். நகரம் 80 மீட்டரைச் சுற்றி இருக்கிறது என்று முன்பே பார்த்தோம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அணை திறக்கும்போது கல்பாத்திக் கரைக்காரர்கள் ஏன் தூங்காமல் விழித்திருக்கிறார்கள் என்பது புரியும்.

1955-இல் திறந்த அணை இது. முழுதாக நிரம்பினால் சுமார் 22.6 கோடி கன மீட்டர், நம் கணக்கில் 8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 2018 ஆகஸ்டில் அணையின் ஷட்டர்களைத் திறக்க வேண்டி வந்தபோது, ஏற்கெனவே பெருகியிருந்த கல்பாத்திப்புழை நகரத்தின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு, அணை நிரம்பும்வரை காத்திராமல், இந்தத் தேதிக்கு இவ்வளவு மட்டம்தான் என்ற அட்டவணைப்படி முன்கூட்டியே சிறிது சிறிதாகத் திறக்கிறார்கள். ஆகவே “அணை நிரம்பவில்லை, திறக்க மாட்டார்கள்” என்று நம்பி ஆற்றில் இறங்காதீர்கள். நீல, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கட்டமாக அறிவிப்பு வரும். நீலம் வந்தாலே கரையிலிருந்து சாமான்களை எடுத்துவிட வேண்டும்.

பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தத்தால் பாலக்காட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

இந்த ஆறுகளின் நீரைத் தமிழ்நாடும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் இது. கையெழுத்தானது 1970 மே மாதம்; 1958 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான ஒரு நீராண்டில் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட வேண்டும். சித்தூர்ப்புழைப் பாசனம் இதை நம்பித்தான் இருக்கிறது.

எண் புரிய ஒரு கணக்கு. 7.25 டி.எம்.சி. என்பது சுமார் 20.5 கோடி கன மீட்டர். ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர். ஒரு சொட்டுகூட வீணாகாவிட்டால் 17,000 ஹெக்டேருக்கு ஒரு போகம் வரும். வாய்க்காலில் ஊறுவதும் ஆவியாவதும் போனால் இது நன்றாகக் குறையும். ஆண்டு மொத்தத்தைப் போலவே மாதமும் முக்கியம். கதிர் வாங்கும் பருவத்தில் பத்து நாள் தண்ணீர் தவறினால், பிறகு வரும் வெள்ளம் எந்த வயலுக்கும் உதவாது. இரண்டு பக்கத்து விவசாயிகளும் சண்டை போடுவது பெரும்பாலும் எந்த மாதம் எவ்வளவு என்பதில்தான். ஆனைமலையில் மழை பொய்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் காய்கிறது. அந்த உண்மையை மனதில் வைத்துப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

பாரதப்புழையில் ஏன் புல்லும் புதருமாக இருக்கிறது? மணல் எங்கே?

மணலை அள்ளிவிட்டார்கள். ஆற்று மணலை வெறும் கட்டடச் சாமானாகப் பார்த்ததன் விளைவு இது. மணல்படுகை ஒரு பஞ்சு. மழைக்காலத்தில் குடித்த நீரை மெதுவாகக் கரையோரக் கிணறுகளுக்கு விட்டுக்கொண்டிருக்கும். பஞ்சைப் பிய்த்தெடுத்தால் ஆற்றின் தரைமட்டம் தாழ்கிறது, கிணற்றுநீர் ஆற்றுப் பக்கம் வடிந்துபோகிறது, மழை நின்ற சில வாரங்களில் கிணறு வற்றுகிறது. அடியில் எஞ்சிய களியிலும் வண்டலிலும் நாணலும் செடிகளும் வேர்விட்டுத் திட்டுகளாகின்றன. பிறகு வரும் வெள்ளம் அந்தத் திட்டைச் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கிறது. மேலே அணைகள் நிற்பதால் அள்ளிய மணலுக்கு ஈடாகப் புது மணலும் இறங்கி வருவதில்லை. கேரளம் 2001-இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தவும் தனிச் சட்டம் போட்டது. ஆனால் அள்ளியது திரும்பிவரப் பல தலைமுறை ஆகும்.

நிலத்தடி நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை குறைந்த சித்தூர் தாலுகாவில், பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலை கிணறுகளைக் கெடுக்கிறது என்று அந்த ஊர் ஆதிவாசி மக்கள் போராடினார்கள். 2004-இல் உற்பத்தி நின்றது. மழைநிழல் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போடுவது பக்கத்து வீட்டுக் கிணற்றில் கைவைப்பதற்குச் சமம் என்பதை நாடு முழுக்கப் பேசவைத்தது அந்தச் சிற்றூர்தான்.

ஆற்றில் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், கோடையில், அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்கலாம். மற்ற இடங்களில் வேண்டாம். உயிர் போவது மூன்று காரணங்களால்.

முதலாவது, மணல் அள்ளிய குழி. மேலே முழங்கால் தண்ணீர் தெரியும், அடுத்த அடியில் ஆள் உயரப் பள்ளம் இருக்கும். இரண்டாவது, தடுப்பணையின் அடிவாரம். மேலிருந்து விழும் நீர் அடியில் சுழன்று ஆளை அணைப்பக்கமே திரும்ப இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். மூன்றாவது, மேலே மதகு திறப்பது. 2024 ஜூலையில் சித்தூர்ப்புழையில் இறங்கிய ஒரு குடும்பத்தார் 4 பேர், நீர் திடீரென்று ஏறியதால் ஆற்று நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டார்கள்.

போனதும் தண்ணீரின் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். கல் நனைந்து மூழ்கத் தொடங்கினால் உடனே மேலேறுங்கள், சாமான் எடுக்க நிற்காதீர்கள். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் அதே பொருள்தான்: மேலே பெருகிவிட்டது. ஆற்று நடுப்பாறைக்குப் போகவே வேண்டாம், திரும்பும் வழிதான் முதலில் மூழ்கும். யாராவது மாட்டிக்கொண்டால் பின்னால் குதிக்காமல் வேட்டி, சேலை, மூங்கில் எது கிடைத்தாலும் கரையில் படுத்தபடி நீட்டுங்கள். தீயணைப்பு 101, அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077.

சுற்றியுள்ள காட்டில் என்ன விசேஷம்?

மனிதருக்கு வாசலாக இருக்கும் கணவாய், மலை உச்சி உயிர்களுக்குக் கடல் போன்றது. குளிர்ந்த சோலைக்காட்டுப் பறவை சூடான சமவெளியைக் கடந்து மறுபக்கம் போவதில்லை. அதனால் வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வேறு இனமான பழனிச் சிரிப்பான். சோலைக்கிளி என்ற சிறு பறவையும் (கிளியல்ல) அப்படியே: வடக்கே ஒன்று, தெற்கே வயிறு வெளுத்த இன்னொன்று. யானைகளின் மரபணுவை ஆராய்ந்தபோதுகூட நீலகிரிப் பக்கத்து யானைகளும் ஆனைமலை, பெரியாற்றுப் பக்கத்து யானைகளும் வேறுபட்டிருந்தன.

வறண்ட நிலத்துக்கு உரிய மயில், மழை மிகுந்த கேரளத்தில் இங்கேதான் கூட்டம் கூட்டமாகத் தெரியும். சூலனூரில் மயில்களுக்கென்றே சரணாலயம் உண்டு. தூதப்புழைக்கு நீர் தரும் குந்திப்புழை, அணையில்லாமல் அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வருகிறது. அங்கே திட்டமிட்ட மின் அணை மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கஞ்சிக்கோடு, வாளையாறு, மதுக்கரை வழியே போகும் ரயில் பாதையில் ஒரு தடம் காட்டுக்குள் ஓடுகிறது. அங்கே ரயில் மோதி யானைகள் இறந்தது பலமுறை. மதுக்கரைப் பகுதியில் தமிழ்நாடு வனத்துறை கேமராவும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட எச்சரிக்கை ஏற்பாட்டை 2024-இல் தொடங்கியது. ரயில் அங்கே மெதுவாகப் போனால் எரிச்சல்பட வேண்டாம்.

வயலும் பனையும் சேர்ந்து நிற்கிறதே, எப்படி?

ஊர்ப் பெயருக்கே பாலைமரக் காடு என்றும், பாலை நிலம் என்றும் இரண்டு விளக்கம் உண்டு. பனை காற்றையும் வறட்சியையும் தாங்கும். நெல்லுக்கு அணையும் வாய்க்காலும் தண்ணீர் தருகின்றன. வரப்பில் பனை, உள்ளே நெல் என்ற காட்சி இந்த இரண்டின் கூட்டுதான். முதல் போகம் விருப்பு, சித்திரை–வைகாசி மழையோடு தொடங்கும். இரண்டாவது முண்டகன், புரட்டாசிக்குப் பின். இது அணைத் தண்ணீரை எதிர்பார்க்கும். பாலக்காட்டு மட்டை அரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கிழக்கே சித்தூர்ப் பக்கம் கரிசல் மண் தட்டுப்படும். கேரளத்தில் வேறெங்கும் பார்க்க முடியாத மண் அது.

ஒரே நாளில் கோட்டையும் ஆறுகளும் பார்க்க முடியுமா?

முடியும். பருவம்: செப்டம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. காலையில் கோட்டை, அகழியைச் சுற்றி ஒரு நடையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். மழை நாளில் கருங்கல் படியில் பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். அடுத்து கல்பாத்தி. சாலையிலிருந்து படியிறங்கித்தான் விசுவநாதர் கோயிலுக்குப் போக வேண்டும், பின்னால் ஆறு. காசியில் பாதி கல்பாத்தி என்பது இந்தக் கரையால் வந்த வழக்கு. தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் அக்கிரகாரம் இன்னும் அதே வரிசையில் நிற்கிறது. ஐப்பசி முடிவில் தேர். அந்த நாட்களில் கூட்டம் இருப்பதால் ஆற்றை நிதானமாகப் பார்க்க முடியாது.

மதியத்துக்கு மேல் சுமார் 12 கிலோமீட்டர் மேற்கே பறளி போய், இரண்டு புழைகள் கூடுவதைப் பார்க்கலாம். மாலை மலம்புழை, நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அங்கிருந்து மலைகளில் ஏற வனத்துறை அனுமதியும் உடன்வரும் ஆளும் கட்டாயம். ரயிலில் வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பாலக்காடு சந்திப்பு ஒலவக்கோட்டில், கல்பாத்திப்புழைக்கு வடகரையில் இருக்கிறது. பொள்ளாச்சி வழியாக வந்தால் பாலக்காடு டவுன் நிலையத்தில் இறங்குங்கள், கோட்டைக்கு அதுதான் பக்கம்.